பூட்டி வைத்த டேப்லெட்

மகளுக்கு ஏழு வயது, ஆட்டிசம். லிஃப்ட் கதவு மூடித் திறக்கும் ஒரே வீடியோவைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். தினமும் அரை மணி நேரம்தான் என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள். பிள்ளை அழாமலிருந்தால் போதுமென்று அப்பா கேட்டபோதெல்லாம் எடுத்துக் கொடுத்தார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அம்மா, அன்று டேப்லெட்டை அலுவலகத்துக்கே கொண்டுபோய் மேஜை டிராயரில் பூட்டினாள்.

மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள். "ரொம்ப அழுதாளா?"

"இல்லையே. காலைலேருந்து அங்கதான் உக்காந்திருக்கா. சத்தமே இல்ல."

மகள் வெற்றுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் கன்னத்தில் நீல வெளிச்சம் விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது.

"உங்க ஃபோனைக் குடுத்தீங்களா? தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, காதுல விழலயா?"

"குடுக்கல. இதோ, பாக்கெட்டுல இருக்கு. வந்ததும் வராததுமா எரிஞ்சு விழாத."

அம்மாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கூடத்து விளக்கை அணைத்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள். கன்னத்து வெளிச்சம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. விறுவிறுவென்று போய் மகளுக்கும் சுவருக்கும் நடுவே நின்றாள்.

தன் நிழல் மகளின் முகத்தில் விழுவதை அவள் பார்த்தாள். மகள் எரிச்சலோடு அவள் காலைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள்.