ஜைனுதீன் சொல்லாத ரைட்

“ரைட் சொல்லப் போறியா, இல்லையாப்பா?”

பஸ்ஸுக்குள்ளிருந்து சத்தம் போட்டவர் ஆத்மநாதன். புதுக்கோட்டையில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. மூன்று நாள் லேட்டாகப் போனால் ஒரு நாள் லீவைக் கழித்துவிடுவார்கள். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டது.

கீரமங்கலத்திலிருந்து கிளம்பிய பஸ், வழியில் புளியமரத்து ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் ஜைனுதீன் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இந்தா வந்துருச்சுங்க. ஒரு நிமிஷம்.”

ஜைனுதீனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ‘ரைட்’ என்கிற ஒரே வார்த்தைதான். அதை வைத்தே பாதி உலகத்தை ஓட்டிவிடுவான். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தால் ரைட்டு. யாராவது சண்டைக்கு வந்தால், “ரைட்டு, விடுங்க.” மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று ஒருத்தர் சொன்னால், “ரைட்டு ரைட்டு” என்று வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பான். துக்கச் சேதி என்றால் அதே ரைட்டை மெதுவாகச் சொல்லித் தலையைக் குனிந்துகொள்வான். பஸ்ஸை எடுக்கச் சொல்லும் ரைட் மட்டும் அவன் வாயிலிருந்து லேசில் வராது.

தலையில் கத்தரிக்காய்க் கூடையோடு அடைக்கலமேரி ஓட்டமும் நடையுமாக வந்து ஏறினாள். டவுன் சந்தைக்குப் போகிறவள். தினமும் இதே கதைதான்.

பஸ் நகர்ந்ததும் ஆத்மநாதன் பிடித்துக்கொண்டார்.

“ஏம்ப்பா, ரைட்டுன்னா என்ன அர்த்தம்னு தெரியுமா ஒனக்கு? சரின்னு அர்த்தம். சோத்துக் கைக்கும் அதான் பேரு. உரிமைன்னும் ஒரு அர்த்தம் இருக்கு. காசு குடுத்து ஏறினவனுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர ரைட் உண்டு. புரியுதா?”

“அம்புட்டு இருக்கா அதுல? எனக்கு ஒண்ணுதாங்க தெரியும். எல்லாரும் ஏறியாச்சுன்னு அர்த்தம்.”

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். ஆத்மநாதனுக்கு அதுதான் தாங்கவில்லை.

“சாயங்காலம் இதே பஸ்ஸுலதான் திரும்புறேன். ஆபீஸ்ல என்னதான் வேலை இருக்கட்டும், நான் காலை வைக்கவும் பஸ் கிளம்பவும் சரியா இருக்கும். ஒழுங்குன்னா அது. காலையில மட்டும் ஒனக்கு என்ன கேடு?”

ஜைனுதீன் அதற்கும், “ரைட்டுங்க” என்றான்.

அன்றைக்கு மூன்றாவது லேட்டும் விழுந்தது. கொதித்துப்போன ஆத்மநாதன், ஆபீஸ் விட்டதும் நேரே பஸ் முதலாளியின் ஷெட்டுக்குப் போய்விட்டார். முதலாளி வரும்வரை காத்திருந்து, உள்ளதை உள்ளபடியும் கொஞ்சம் கூட்டியும் சொன்னார்.

“ஒரு கூடைக்காரிக்காக ஊரே காத்துக் கெடக்கணுமா, நீங்களே சொல்லுங்க.”

முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம். “இனி ஒருக்கா நிக்கட்டும், பையைக் கழட்டிப்புடுறேன்.”

அப்போதுதான் ஆத்மநாதன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணிக்குக் கடைசி பஸ். மணி ஆறரை ஆகப்போகிறது.

“அய்யய்யோ, போயிருக்குமே. வீட்டுக்காரிக்கு இது நெற மாசம். தனியா இருக்காளே.”

“பதறாதீங்க. வாங்க, ஸ்டாண்டு வரைக்கும் போய்ப் பார்ப்போம்.”

பஸ் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒரே இரைச்சல். “நாங்கல்லாம் வீடு போய்ச் சேரவா வேணாமா?” என்று ஆளாளுக்குத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஜைனுதீன் வாசல் பக்கம் நின்று தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆத்மநாதனுக்கு உயிர் வந்தது. கூடவே உற்சாகமும் வந்துவிட்டது.

“பாத்தீங்களா முதலாளி? சாயங்காலமும் இதே கூத்துதான் போலிருக்கு. எவனுக்கோ காத்துக்கிட்டு நிக்கிறான்.”

முதலாளி விறுவிறுவென்று போனார். “யாருக்காகடா நிக்கிறே?”

ஜைனுதீன் ஆத்மநாதனைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“கேக்குறேன்ல? சரி, பையைக் கழட்டு. நாளையிலேருந்து வர வேணாம்.”

தோல்பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். வீட்டில் மூன்று பிள்ளைகள் அவனுக்கு.

படியை அடைத்தாற்போல் வெறுங்கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அடைக்கலமேரிக்குத்தான் பொறுக்கவில்லை.

“அவன் சொல்ல மாட்டான் முதலாளி, நான் சொல்றேன். கூடையை எடுக்க மாட்டேன்னு நாந்தான் ஒக்காந்திருக்கேன். இது இன்னைக்கு நேத்து நடக்கிறதில்ல. ஆபீஸ்ல அவுகளை ஒரு நாளும் நேரத்துக்கு விடுறதில்ல. வீட்ல பிள்ளைத்தாச்சி தனியா இருக்கு. இந்த பஸ்ஸை விட்டா அவுக எப்பிடிப் போறது? ஒங்க பக்கத்துல நிக்கிறாகளே, அவுகளுக்குத்தான் தெனமும் நிக்கிது.”

பஸ்ஸில் இரைச்சல் அடங்கிவிட்டது. முதலாளி மெதுவாகத் திரும்பி ஆத்மநாதனைப் பார்த்தார்.

“பையைக் குடுத்துருங்க முதலாளி” என்றார் ஆத்மநாதன். “தப்பு என் மேலதான்.”

முதலாளி தன் கையாலேயே பையை ஜைனுதீன் தோளில் மாட்டினார். பிறகு நடையைக் கட்டினார்.

அடைக்கலமேரி கூடையை நகர்த்தி வழிவிட்டாள். ஆத்மநாதனுக்கு ஏறக் கால் வரவில்லை. கீழேயே நின்றார்.

“ஏறுங்க சார்” என்றான் ஜைனுதீன். “நீங்க ஏறுனாத்தானே நான் ரைட் சொல்ல முடியும்.”