ஒரு தலை கூடுதல்

மூன்றாம் நாளும் விமானத்தில் ஒரு தலை கூடுதலாக இருந்தது. தாளில் நூற்று எழுபத்திரண்டு; பணிப்பெண் கையிலிருந்த எண்ணும் கருவியில் நூற்று எழுபத்து மூன்று.

“ஃபிர் ஏக் ஜ்யாதா,” என்று அவள் இன்னொருத்தியிடம் முணுமுணுத்தாள். மறுபடியும் ஒன்று கூடுது என்று அவள் சொன்னது முன் வரிசைக்காரர் காதில் விழுந்துவிட்டது. “எண்ணவே தெரியல, இதுங்க பறக்க வைக்குதுங்களாம்,” என்றார்.

ஒச்சம்மா சிரிக்கவில்லை. கூடுதல் தலை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கீழே சரக்கு அறையில், ஆணியடித்த பெட்டிக்குள் அவள் புருஷன் நல்லதம்பி கிடந்தார்.

நெஞ்சில் அடைப்பு என்று போர்ட் பிளேரிலிருந்து சென்னை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். பதினோராம் நாள் பெட்டியைக் காட்டினார்கள்.

“ஒரு தடவ முகத்தக் காட்டுங்க.”

“ஆணியடிச்சாச்சும்மா. தெறந்து மூட ஒரு மணி நேரம் ஆவும். தீவு ஃபிளைட்டுக்குப் பெட்டிய முன்கூட்டியே போட்டாவணும். ஊர்ல போயிப் பாத்துக்கங்க,” என்றான் ஊழியன். ஃபிளைட் போய்விட்டால் இன்னொரு நாள் ஆகும். ஒச்சம்மா கையெழுத்துப் போட்டாள்.

அப்படியும் முதல் நாள் போர்ட் பிளேருக்கு மேலே மூன்று சுற்று சுற்றிவிட்டு விமானம் சென்னைக்கே திரும்பியது. மோசமான வானிலை என்றார்கள். இரண்டாம் நாளும் அதேதான். தீவுக்காரர்களுக்கு இது பழக்கம். திட்டுவார்கள், தூங்குவார்கள், மறுநாள் காலை அதே முகங்கள் அதே இருக்கைகளில் வந்து உட்காரும்.

ஆனால் மகன் நந்தகுமார் காலையில் போனில் வேறு சொன்னான். “இங்க வெயில் மண்டையப் பொளக்குதும்மா. ஆம்புலன்ஸ் காடி மூணு நாளா ஏர்போர்ட் வாசல்ல நிக்குது. இன்னிக்காவது அப்பாவ எறக்கிரும்மா.”

“நானாடா ஓட்டுறேன்?” என்று அவனிடம் எரிந்து விழுந்தாள்.

விமானம் மேலே ஏறியது. பின்னால் யாரோ, “கீழ பாடி இருக்காம். அதான் எறங்க விடல,” என்றார்கள். ஒச்சம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பக்கத்து இருக்கைப் பெரியவர் இன்றும் நடுங்கிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக இவர் தொல்லை வேறு.

“இது திருமங்கலம் பக்கம் போவாதா, தாயி?”

“எத்தன தடவ கேப்பீங்க பெரியவரே? போர்ட் பிளேர். போர்ட் பிளேர். ஏத்தி விட்டவங்க சொல்லலையா?”

“என்னைய யாரு கேட்டா? தூக்கி ஏத்திட்டாய்ங்க.”

சக்கர நாற்காலி ஆள் போலிருக்கிறது என்று நினைத்தாள். அவர் மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை இருந்தது. நல்லதம்பிக்குக் கட்டிய அதே நீல நிறம்.

“நீங்களும் அங்கதான் இருந்தீங்களா?”

“ஆமா தாயி. ஒன் வீட்டுக்காரரு எனக்குப் பக்கத்துலதான் படுத்திருந்தாரு. ஒரு வார்த்த பேசல.”

“அவரு எப்பவும் அப்படித்தான்,” என்றாள் ஒச்சம்மா.

இரண்டு மணி நேரம் கழித்து தீவின் வண்டூர் கரை தெரிந்தது. மேகம் ஒரு துணுக்குகூட இல்லை. விமானம் தாழ்ந்தது, சக்கரங்கள் இறங்கும் சத்தம் காலுக்கடியில் கேட்டது. பெரியவர் முன் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “வேணாம், வேணாம்,” என்று முனகினார்.

கீழே தார் ரோட்டில் போகும் ஆட்டோவை அவள் பார்த்தாள். அதே நொடியில் விமானம் குலுங்கியது. இன்ஜின் அலறியது, மூக்கு மேலே தூக்கியது, ஆட்டோ புள்ளியாகிப் போனது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லை என்று விமானி அறிவித்தார். சென்னைக்கே திரும்புகிறோம் என்றார்.

ஒச்சம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. குனிந்து, காலுக்கடியில் இருந்த தரையைப் பார்த்துத் திட்டினாள். “யோவ், ஆயுசு பூரா கப்பல்லதான் போவேன்னு அடம் புடிச்ச. செத்தும் அதே அடமா? புள்ள மூணு நாளா வெயில்ல காயுறான்யா. எறங்கித் தொல!”

பக்கத்தில் நிம்மதியான ஒரு பெருமூச்சு கேட்டது. பெரியவரின் நடுக்கம் நின்றிருந்தது. லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சிரிப்பு? எம் புருஷன் உடம்பு இன்னிக்கு எங்க ஊரு சௌல்தாரிக்குப் போயாகணும். இன்னொரு நாள் தாங்காது. ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கா?”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவளைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது.

“அவர வையாத தாயி, அவரு ஒண்ணும் பண்ணல. எம் மவனும் ஒன்னைய மாதிரிதான், மொகத்தப் பாக்காமலே கையெழுத்துப் போட்டு ஒரு பெட்டிய வாங்கிட்டுப் போனான்.”

“அதுக்கு?”

“ஒன் வீட்டுக்காரர முந்தாநாளே திருமங்கலத்துல எரிச்சுட்டான்.”