ஷூவுக்குள் குடைக்கம்பி

மாமனாரின் ஷூவைத் துடைக்க எடுத்த மருமகள் கையில் எதுவோ சுருக்கென்று குத்தியது. கவிழ்த்தாள். சாக்ஸோடு சேர்ந்து நாலைந்து கம்பிகள் விழுந்தன.

"என்னங்க, இங்க வாங்களேன். உங்கப்பா பண்ணியிருக்கிற வேலையைப் பாருங்க."

மகன் பல் தேய்த்தபடியே வந்தான். கம்பிகளைப் புரட்டினான். நுனியை வளைத்து, வழவழவென்று ராவியிருந்தது. பிடிக்கு சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தது.

"என்னப்பா இது?"

பெரியவர் பேப்பரை மடித்தார். "குடைக்கம்பி."

"அது தெரியுது. எதுக்கு?"

"பூட்டுத் திறக்க."

மகனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு பொய்யாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தான்.

"என் குடை!" என்றாள் மருமகள். "பஸ்ல விட்டுட்டேன்னு நாள் பூரா புலம்பினேனே மாமா! பக்கத்துல உக்காந்து, போனாப் போகுது விடும்மான்னு ஆறுதல் வேற சொன்னீங்க!"

"உடைஞ்ச குடைதானேம்மா."

"இது?"

"உன் ஹேர்பின்."

"இந்தத் தகடு?"

"குழாய் ரிப்பேர் பண்ண வந்தவன் போட்டுட்டுப் போன ஆக்ஸா பிளேடு."

"எதை வச்சு ராவினீங்க?"

பெரியவர் மடித்த பேப்பரை மறுபடி பிரித்தார். மருமகள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். நகம் தேய்க்கிற அரம் கொஞ்ச நாளாக ஏன் வழுக்குகிறது என்று இப்போது புரிந்தது.

எந்தப் பூட்டு என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் பூட்டிய அலமாரி ஒன்றுதான். பேத்தியின் பிஸ்கட், சாக்லேட் எல்லாம் அதில். பெரியவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்றைக்கே பூட்டு வந்துவிட்டது. சாவி அவர் மனைவியின் கழுத்துச் சங்கிலியில். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள்.

மனைவிக்கும் சர்க்கரைதான். ஆனால் அவளுக்கு நாக்கைக் கட்டத் தெரியும் என்பது குடும்பத்தின் தீர்ப்பு. கால் விரலில் வந்த புண்தான் ஆறவில்லை. இந்த மாதமும் சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏன் இறங்கவில்லை என்று டாக்டருக்கும் புரியவில்லை. எல்லோருமாகப் பழியைச் செருப்பின்மேல் போட்டுப் புதுச் செருப்பு வாங்கினார்கள்.

கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி அவள் கேட்டாள்: "என்னடா அங்க சத்தம்?"

மகன் கம்பிகளைக் காட்டினான். அப்பா பக்கம் திரும்பினான். "எங்க, திறங்க பாப்போம்."

பெரியவர் எழுந்தார். ஒரு கம்பியைச் செருகினார். இன்னொன்றால் துழாவினார். மகன் வாய் நுரையைத் துப்பிவிட்டு வருவதற்குள் பூட்டு திறந்து தொங்கியது.

சாக்லேட் டப்பா காலி. பிஸ்கட் டப்பாவில் தூள்தான் இருந்தது.

"முந்தாநாள்தானே வாங்கி நிரப்பி வச்சேன்!" என்றாள் மருமகள்.

"பாத்தியாடா?" மனைவியின் குரல் ஏறியது. "எனக்கு அப்பவே சந்தேகம். பேத்தி வாயில இருந்து பிடுங்கித் தின்னிருக்காரு மனுஷன்! இந்த வயசுல திருட்டு! அதுக்குத் தளவாடம் வேற!"

பெரியவர் அவளை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமா. நான்தான்."

மகன் சர்க்கரை பார்க்கிற மிஷினை எடுத்து வந்தான். "கையை நீட்டுங்க."

குத்தினான். நூற்றுப் பத்து. நம்பாமல் அடுத்த விரலிலும் குத்தினான். அதேதான்.

"டப்பா டப்பாவாத் தின்னவருக்கு நூத்திப் பத்தா? மிஷின் போச்சு. அம்மா, நீ விரலைக் குடு. சரியா காட்டுதான்னு பாப்போம்."

அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "எனக்கு எதுக்குடா? நானா திருடினேன்?"

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். பார்வை அங்கேயே நின்றது.

"மிஷின் நேத்தே சரியில்லை," என்றார் பெரியவர் அவசரமாக. "அதைக் கட்டிக்கிட்டு அழாம, போய் நல்ல பூட்டா வாங்கிட்டு வா. இதெல்லாம் ஒரு பூட்டா? குடைக்கம்பிக்கே வாயைப் பிளக்குது."

மகன் கம்பிகளைக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டுக் கடைக்குப் போனான். மருமகள் வீட்டில் மிச்சமிருந்த குடைகளைப் பொறுக்கி பீரோவுக்குள் வைக்கப் போனாள்.

மருமகள் உள்ளே போகும்வரை மனைவி தரையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நான் எடுத்தது பாதிதான். மீதி என்ன ஆச்சு?"

"மத்தியானம் நீ தூங்குறப்ப எடுத்து வாட்ச்மேனுக்குக் குடுத்தேன். உனக்கு முந்தி நானே எடுத்துடணும்னுதான் பாத்தேன். எங்க, நீ விட்டாத்தானே. இப்ப அவனுக்குப் பல்லு வலியாம்."

அவளால் சிரிக்க முடியவில்லை.

"உண்மையைச் சொல்லிட்டுப் போயிருக்கலாமே. திருட்டுப் பட்டம் எதுக்கு வாங்கிக்கிட்டீங்க?"

"மருமக முன்னாடியா? உன் கழுத்துல சாவியும் இருக்கணும், கால்ல விரலும் இருக்கணும். எனக்கு ரெண்டும் வேணும். பேச்சை விடு, மாத்திரையைப் போடு."

மகன் பெரிய பூட்டாக வாங்கி வந்து மாட்டினான். சாவியை அம்மாவின் கையில் கொடுத்தான். அப்பாவை ஒரு முறை முறைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினான்.

மறுநாள் காலை. நடக்கக் கிளம்பிய பெரியவர் ஷூவுக்குள் காலை விட்டார். எதுவோ குத்தியது. கவிழ்த்தார்.

புதுப் பூட்டின் சாவி.

நிமிர்ந்து பார்த்தார். மனைவி காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, என் காபியில சர்க்கரை போட்டுடாதே என்று மருமகளை அதட்டிக்கொண்டிருந்தாள்.

கழுத்துச் சங்கிலியில் பழைய பூட்டின் சாவி கம்பீரமாக ஆடிக்கொண்டிருந்தது.