இடி டீச்சர்

மடிக்கணினிக்கு முன்னால் வாயாடி உட்கார்ந்து நேர்காணலில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். மடிக்கணினிக்கு அடியில் இரண்டு தடித்த அகராதிகள். கேமரா கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்பதற்காக டீச்சரே அடுக்கிவைத்தது.

திரையில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்று பேராசிரியர்கள். மூவரும் வைத்த கண் வாங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் ஒரே ஒரு இடம். அடுத்த வருடம் வாயாடிக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

விடமாட்டாள். டீச்சருக்குத் தெரியும். அவர் கொடுத்த பயிற்சி அப்படி.

பயிற்சி மையத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'இடி டீச்சர்'. எதிரில் சொல்லமாட்டார்கள். அவருக்கும் தெரியாத மாதிரிதான் இருந்தார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

மாதிரி நேர்காணல் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு இடியை இறக்குவார். "உன் மார்க்‌ஷீட் போலியாமே?" என்பார். "உன் விசாவை ரத்து பண்ணிட்டாங்க" என்பார்.

கேட்டவன் முதுகை நிமிர்த்த வேண்டும். புன்னகைக்க வேண்டும். "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். கண் கலங்கினால் போச்சு. மறுபடி முதலிலிருந்து.

கொடுமைதான். ஆனால் பேராசிரியர் புருவத்தைத் தூக்கியதற்கே நாக்கு ஒட்டிக்கொண்டு வீடு திரும்பிய கெட்டிக்காரப் பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்துவிட்டார்.

டீச்சரின் கைப்பேசி அதிர்ந்தது. வாயாடியின் மாமா.

நேரம் பார்த்தாரே மனுஷன்!

துண்டித்தார். மறுபடி அதிர்ந்தது. எரிச்சலோடு எடுத்தார்.

"டீச்சர்... எங்கக்கா போயிட்டா டீச்சர். விடியக்காலையில. நெஞ்சு வலிக்குதுன்னா. வண்டி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு."

அக்கா என்றால், வாயாடியின் அம்மா.

டீச்சர் கதவை விட்டு விலகி வந்தார். "பொண்ணுகிட்ட..."

"அப்பவே போன் பண்ணிச் சொல்லிட்டேன். 'சரிங்க மாமா'ன்னா. அவ்வளவுதான், வச்சிட்டா. அப்புறம் அடிச்சா சுவிட்ச் ஆஃப். பேசியே ஊரை விலைக்கு வாங்கற பொண்ணு டீச்சர் அது... எனக்குப் பயமா இருக்கு."

டீச்சர் கண்ணாடி வழியே மெல்ல எட்டிப் பார்த்தார்.

தெரியும். அவளுக்குத் தெரியும். காலையிலேயே தெரியும். தெரிந்துதான் தலைசீவி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "குட் மார்னிங் டீச்சர்" என்றிருக்கிறாள்.

உள்ளே நடுவில் இருந்த பேராசிரியர் கேட்டார். படித்து முடித்ததும் நாடு திரும்புவாய் என்பதற்கு என்ன உறுதி?

"என் அம்மா" என்றாள் வாயாடி. "நான் வரவில்லையென்றால் விமானம் ஏறி வந்து, உங்கள் கண் முன்னாலேயே என் காதைத் திருகி இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்."

மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

டீச்சரின் கை கதவுப்பிடியில் இருந்தது. திறந்தால் எல்லாம் பாழ். திறக்காமல் நிற்பவளும் ஒரு மனுஷியா?

கையை எடுத்துக்கொண்டார்.

முடியட்டும். வெளியே வந்ததும் உடைந்து விழுவாள். தாங்கிப் பிடித்துக்கொள்ளலாம். ஊருக்குக் கூட்டிப்போகக் கார் சொன்னார். ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டார். தான் இத்தனை வருடமாகப் போட்ட இடியெல்லாம் இவளிடம் வெறும் பட்டாசு என்று தோன்றியது. இரும்பு மனசு. எங்கிருந்து வந்தது இந்த வயதில்?

கதவு படீரென்று திறந்தது.

"கிடைச்சிருச்சு டீச்சர்! இப்பவே சொல்லிட்டாங்க!"

வாயாடி பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். தண்ணீர் இருவர் மேலும் சிந்தியது. டீச்சரால் அடக்க முடியவில்லை. அவள் தோளில் முகம் புதைத்து விம்மிவிட்டார்.

"அய்யய்யோ, இடி டீச்சர் அழறீங்களா? நாளைக்குச் சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான்!"

விலகி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆனா உங்களை விடமாட்டேன் டீச்சர். காலங்காத்தால எங்க மாமாவை விட்டு ஒரு இடி போட்டீங்களே... மனுஷன் என்னமா அழறாரு! போன மாசம் நம்ம கிளாஸ் நெட்டையனுக்கு அவங்கக்காவை விட்டு, 'அப்பா பஸ்ல அடிபட்டுட்டாரு'ன்னு போன் போட வச்சீங்கள்ல? அவன் அழுதுக்கிட்டே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினானே. நானும் ஓடுவேன்னு நினைச்சீங்களா? ஒரு சொட்டு விடலையே!"

டீச்சர் காலித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"இருந்தாலும் எங்கம்மாவையா சாகடிப்பீங்க? இருங்க, அவங்ககிட்டயே மாட்டிவிடறேன்."

பையிலிருந்து கைப்பேசியை எடுத்து உயிரூட்டினாள். டீச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது நான் இல்லம்மா. மாமா சொன்னது நிஜம். அம்மா... நிஜமாவே போயிட்டாங்க."

வாயாடி அவர் முகத்தையே பார்த்தாள். ஈரக் கன்னத்தை, நடுங்கும் உதட்டை.

மெல்ல அவள் முதுகு நிமிர்ந்தது. சொல்லிக்கொடுத்த அளவுக்கு, கூடாமல் குறையாமல், அந்தப் புன்னகை உதட்டில் வந்து உட்கார்ந்தது.

"சரிங்க டீச்சர்" என்றாள். "அடுத்த கேள்வி?"