மூன்றாவது கட்டுரைக்கு ஏற்ற குரல்

"அக்கா, இதுல அழணுமா, சிரிக்கணுமா?"

தங்கை இப்படிக் கேட்டபோது அக்கா தையல் மெஷினில் ஒரு சட்டைக் கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

தங்கை கையில் மூன்று கல்லூரிகளுக்கான கட்டுரைகள். மூன்றுமே விண்ணப்பத்தோடு 'உங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம் கேட்டிருந்தன.

அக்கா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். எழுந்து வாசிக்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்படியே நின்றுவிட்டது. ஆனால் அவள் யாருக்கும் தெரியாமல் எழுதி எழுதி நோட்டுகளை நிரப்புவது தங்கைக்குத் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

முதல் கட்டுரை அறிவியல் கல்லூரிக்கு. வாசித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடி, தேர்தல்ல நிக்கப் போறியா? உலகத்தை மாத்துவேன், நாட்டைத் தூக்கி நிறுத்துவேன்னு! மாடியில பாட்டில்ல பாசி வளத்தியே, அதைச் சொல்லு. நாறிப்போச்சுன்னும் சொல்லு."

இரண்டாவது ஓவியக் கல்லூரிக்கு. அதில் தங்கை கைகட்டி வாய்பொத்தி நிற்பது மாதிரி எழுதியிருந்தாள்.

"இங்க விளையாடலாம். அப்பா குறட்டை விடறதைப் படமா வரைஞ்சு அடி வாங்கினியே, அங்கேருந்து ஆரம்பி."

மூன்றாவதைத் தங்கை நீட்டவில்லை.

"அது சரியாத்தான்க்கா இருக்கு. நானே அனுப்பிக்கறேன்."

"குடுடி இப்படி."

அந்தக் கல்லூரிதான் முக்கியம். அங்கே படிப்பும் விடுதியும் இலவசம். மற்ற இரண்டில் இடம் கிடைத்தாலும் அப்பாவால் அனுப்ப முடியாது. பெரிய கஷ்டத்தைத் தாண்டி வந்தவர்களுக்குத்தான் அங்கே முதலிடம் என்று எல்லோரும் சொன்னார்கள். இவர்கள் வீட்டில் இருந்ததெல்லாம் சின்னச் சின்னக் கஷ்டங்கள். ஒரு பக்கத்துக்குக் காணாது.

அவள் வாசித்தாள்.

கட்டுரையில், தங்கைக்குப் பத்து வயதாக இருக்கும்போது அக்கா காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். அவள் நிஜத்தில் பள்ளிக்கூடத்தை விட்ட அதே வருஷம். கண்ணீர் ஆறாக ஓடியது. வானம் இடிந்து விழுந்தது. அக்காவின் கனவை நிறைவேற்றவே தங்கை உயிரோடு இருந்தாள்.

தங்கை தரையில் கிடந்த நூல் துணுக்குகளைக் கால் விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் இன்னொரு முறை வாசித்தாள். துணியில் குறிபோடும் பென்சிலை எடுத்தாள். ஆற்றை அடித்தாள். வானத்தை அடித்தாள்.

"காய்ச்சல்னு போடாத. எந்த ஆஸ்பத்திரின்னு கேப்பாங்க. இறந்துட்டான்னு மட்டும் சொல்லு."

தங்கை நிமிரவில்லை.

"செத்தவளைப் பத்திச் சொல்றப்ப கூச்சல் போடக் கூடாதுடி. கத்தினா யாரும் நம்ப மாட்டாங்க. அவ பொருள் ஏதாவது ஒண்ணைச் சொன்னாப் போதும்."

என்ன பொருள் என்று அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. பிறகு தன் கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினாள். ஓர் எட்டு பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அவ டேப் இன்னும் ஆணியிலதான் தொங்குது. யாரும் எடுக்கல. இப்படி முடி."

தங்கை மூன்று காகிதங்களையும் ஓரம் சேர்த்து அடுக்கினாள். ஆணிப் பக்கம் பார்க்கவில்லை. வெளியே போனாள்.