கலியாணப் பொண்ணுட பேர்

முதலில் ஸஃப்னா என்றார். பிறகு நஸ்ரினா என்றார். இப்போது, "ஜெஸீமாட கலியாணமாவும் இரிக்கலாம் மகள்" என்றார் ஹயாத்து முகம்மது.

றிஸ்லாவுக்குத் தலை சுற்றியது. ஒரு மனுசனுக்கு எத்தனை மணமகள்!

கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்தைப் படம் எடுப்பது அவள் தொழில். அந்தப் படம் எதுவும் அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது.

அதனால் வெளி ஆள் யாராவது கனமூலையில் இருக்கிற அவள் வீட்டுக்குத் தேடி வந்தால், கணினியில் கறுப்புத் திரையைத்தான் திறப்பாள். ls -d */ என்று தட்டினால் ஃபோல்டர்களின் பெயர் மட்டும் வரும். உள்ளே இருக்கிற ஒரு முகமும் வெளியே வராது. ஒரு கலியாணத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்கு மணமகளின் பெயர்.

ஒரு கலியாணப் படம் கேட்டு ஆலங்குடாவிலிருந்து பஸ் ஏறி வந்த இந்த மனுசன் அந்தப் பெயர்களைக்கூடப் பார்க்கவில்லை. கதிரை நுனியில் இருந்துகொண்டு சுவர்க் கலண்டரையே பார்த்தார். மரியாதையான ஆள்தான். ஆனால் மகளின் கலியாணமா, மருமகளுடையதா என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறார்.

ஊரார் வீட்டுப் பெண்களின் படம் இவருக்கு எதற்கு? எழும்பிக் கதவைக் காட்டிவிடலாமா என்றுகூட அவளுக்கு வந்தது.

"மாமா, கலியாணப் பொண்ணுட பேரச் சரியாச் சொல்லுங்க. இல்லாட்டி நான் எதத் தேடுற?"

"நான் தேடுற ஆள் கலியாணப் பொண்ணு இல்ல மகள். என்ட பொஞ்சாதி அலீமா. இந்தப் புள்ளைகளுக்கெல்லாம் மருதோன்றி போட்டது அவதானே. போன மாசம் மவுத்தாகிட்டா. வீட்டுல ஒரு படம் இல்ல. ஐடி கார்ட்ல இரிக்கிறது பயந்துபோன வேற ஆரோ."

யா அல்லாஹ், அலீமா மாமியா!

கமராவைக் கண்டதும் முக்காட்டை இழுத்து முகத்தை மூடுகிற மனுசி. தப்பித்தவறி வந்திருந்தால் அழித்துவிடு புள்ள என்று ஒவ்வொரு கலியாணத்திலும் அதே கதை. றிஸ்லாவும் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒன்று விடாமல் அழித்திருந்தாள்.

அதை இந்த மனுசனிடம் எந்த வாயால் சொல்வது?

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு ஸஃப்னாவின் ஃபோல்டரைத் திறந்தாள். இல்லை. நஸ்ரினாவிலும் இல்லை. ஜெஸீமாவின் படங்களில் ஒன்றைக் கண்டு கை நின்றது. அந்தப் படத்தின் ஒரு மூலையை மட்டும் விட்டு, மற்றதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

ஹயாத்து முகம்மது அப்போதுதான் கலண்டரை விட்டுக் கண்ணை எடுத்தார்.

விரித்த உள்ளங்கை ஒன்று. அதன் மேல் மருதோன்றிக் கூம்பைப் பிடித்தபடி இன்னொரு கை. பெருவிரல் அடியில் அப்பச்சட்டி சுட்ட பழைய தழும்பு.

அவர் வெட்கத்தை விட்டு அழுதார்.

"இதப் பெரிசாக்கி மாட்டலாம்தானே மகள்? இதுக்கு அவ ஏச மாட்டா."

றிஸ்லா புது ஃபோல்டர் ஒன்றுக்கு அலீமா என்று பெயர் வைத்து, அந்தப் படத்தை உள்ளே போட்டாள். பிறகு கறுப்புத் திரையில் அதே வரியை மறுபடி தட்டினாள்.

மணமகள்மார் எல்லாருக்கும் மேலே, முதல் பெயராக அது வந்து நின்றது.