திரும்ப எழுது

பதினெட்டாம் பக்கத்திலிருந்து கையெழுத்து மாறியிருந்தது. ஓட்டை அக்காவுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நொடி போதும்.

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். பைண்டிங் கடையில் நாள் முழுக்கக் காகிதத்துக்கு ஓட்டை போடுவதால் வைத்தார்களா, மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத அவள் வாய்க்காக வைத்தார்களா என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"என்ன சார், பொண்ணு பாதி, அப்பா மீதியா?" என்று சிரித்தாள். "இங்க வர்ற புராஜெக்ட்ல முக்கால்வாசி வீட்ல இருக்கிறவங்க எழுதறதுதான். ஆனா நீங்க நல்லா மாட்டிக்குவீங்க. கோடு போடாத தாள்ல இவ்வளவு நேரா எந்தப் பொண்ணு எழுதும்?"

கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் தாடி, கசங்கிய சட்டை, கைவிளிம்பில் வெள்ளைத் தூள். எங்கேயோ சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர் பாதி வேலையில் ஓடி வந்திருக்கிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

"அவ எழுத்து மாதிரியே எழுதப் பாத்தேன்மா. வரலை," என்றார். "நாலு மணிக்குள்ள முடிச்சுக் குடுக்க முடியுமா? ஆஸ்பத்திரிக்குப் போகணும். அரை மணி நேரம்தான் உள்ள விடுவாங்க."

"ஆஸ்பத்திரியா? யாருக்கு என்ன?"

"இதை எழுதின பொண்ணுக்கு."

ஓட்டை அக்காவின் கை மெஷின் பிடியிலேயே நின்றுவிட்டது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒன்பதாவது படிக்கிறவள்; ஆறு பாடத்துக்கு ஆறு புராஜெக்ட், எல்லாம் ஒரே வாரத்தில். நாலு நாளாக அவள் கண்ணை மூடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் தாள் கட்டை மார்போடு அணைத்தபடி பள்ளி மாடிப்படி ஏறியவள், தலை சுற்றி மேல்படியிலிருந்து விழுந்தாள். பின்மண்டையில் அடி.

"எப்பவாவது கண்ணைத் திறக்கிறா. திறந்தா ஒரே கேள்விதான், 'சார் வாங்கிக்கிட்டாரா?'ன்னு. அவங்க அம்மா ஆமான்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறா. 'நான்தான் முடிக்கலையே, எப்படி வாங்குவார்?'னு அழறா." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்குப் பொழுதைத் தாண்டறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார்."

ஓட்டை அக்காவின் வீட்டிலும் ஒன்பதாவது படிக்கிற ஒருத்தி இருக்கிறாள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறாள். காத்திருந்த மற்ற வேலைகளையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, அவர் கொண்டுவந்த தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

மேலே இருந்த தாளைப் படித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிவப்பு மையில் மூன்று தேதி, மூன்று குறிப்பு. 'படம் சிறியது. திரும்ப எழுது.' 'அடித்தல் உள்ளது. திரும்ப எழுது.' 'ஓரம் கோணல். திரும்ப எழுது.'

"ஓரம் கோணலா இருந்தா உலகமே கவுந்துடுமா? இவனெல்லாம் ஒரு வாத்தியாரா? பெத்த பொண்ணா இருந்தா இப்படி வதைப்பானா?"

"மாட்டான்," என்றார் அவர்.

"நீங்க போய் நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கலையா?"

"தினம் கேக்கறேன்மா."

"என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறான்."

"எப்படிச் சொல்லுவான்? கல்நெஞ்சுக்காரன்!"

அந்தத் தாள் வேண்டாம், கிழித்துவிடுங்கள் என்றார். அவள் நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள், அந்த வாத்தியாரையே கிழித்த திருப்தியோடு. மளமளவென்று ஓட்டை போட்டு, ஸ்பைரல் கம்பியைச் சுற்றி நுழைத்து, இருப்பதிலேயே நல்ல அட்டையைப் போட்டாள்.

கொடுக்கும்முன் ஒருமுறை புரட்டிப் பார்த்தவள் கடைசிப் பக்கத்தில் நின்றாள். 'ஆசிரியர் கையொப்பம்' என்ற இடம் காலியாக இருந்தது.

"சார், இது இல்லாம எடுத்துட்டுப் போனா பொண்ணு எப்படி நம்பும்? வாத்தியார் வாங்கினதுக்கு இதுதானே அத்தாட்சி?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, 'மிக நன்று. பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்தைச் சுழித்து, தேதி போட்டார். தாளில் விழுந்த கண்ணீரைப் புறங்கையால் ஒற்றினார்.

ஓட்டை அக்கா பதறிப்போனாள். "ஐயையோ, என்ன சார், கள்ளக் கையெழுத்தா போடறீங்க? அந்த ஆளுக்குத் தெரிஞ்சா உங்களைச் சும்மா விடுவானா?"

மணி மூன்றே முக்கால். அவர் அந்தப் புராஜெக்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"விட மாட்டான்மா," என்றார். "அந்த ஆளு நான்தான்."